நைனாவின் நீர்க்கட்டு

பித்தளைக் குண்டானில் தண்ணீர் தளதளவென்று கொதிக்கிறது. உள்ளே செம்மண் நிறத்தில் ஒரு ரப்பர் குழாய் புரண்டுகொண்டிருக்கிறது. பக்கத்தில் துவைத்துக் காயவைத்த துணி, காய்ச்சி ஆறவைத்த எண்ணெய், எனாமல் பேசின். பள்ளிக்கூடத்துக்குக் கட்டவேண்டிய சேலையைக் கட்டியாகிவிட்டது. முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, முழங்கை வரை சோப்புப் போட்டுக் கை கழுவுகிறேன். உள்ளறையில் கயிற்றுக் கட்டிலில் நைனா, என் அப்பா, படுத்திருக்கிறார். முகத்தின் மேல் துண்டு. வாசலில் அண்ணன் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போகிறார்.

ஆம்பூரில் எங்கள் வீட்டில் பல மாதங்கள் காலைப்பொழுது இப்படித்தான் தொடங்கியது.

முன்பொரு வாரம் இந்தப் பத்தியில், 'எனக்கு நிச்சயமான கல்யாணம் ஒன்று நின்றுபோனது' என்று ஒரே வரியில் எழுதிவிட்டுப் பள்ளிக்கூடக் கதைக்குப் போய்விட்டேன். படித்தவர்கள் சிலர் விடவில்லை. மாப்பிள்ளை குடிகாரனா, சீர்வரிசைத் தகராறா என்று பார்க்கிற இடத்திலெல்லாம் கேட்டார்கள். இரண்டும் இல்லை. அந்த ரப்பர் குழாய்தான் காரணம். சொல்லக் கூச்சமான சங்கதி. ஆனால் நைனாவுக்கு அப்போது இருந்த வயது எனக்கே இப்போது ஆகிவிட்டது. உடம்பைப் பற்றிப் பேச இந்த வயதிலும் கூச்சப்பட்டால் பிறகு எப்போதுதான் பேசுவது?

இளநீரும் நெருஞ்சியும்

தோல் விலை விழுந்து, தோல் பதனிடும் டேனரிகளில் பாதித் தொட்டிகள் காய்ந்து கிடந்த காலம் அது. நைனா தோல் வாங்கி விற்கும் மண்டியில் தரம் பிரிக்கிறவராக இருந்தார். பெயர் மாசிலாமணி. வாலிபத்தில், தோலில் மயிர் கழல ஊறப்போடும் சுண்ணாம்புக் குழியில் இறங்கி வேலை செய்தவர். அந்தச் சுண்ணாம்பு தின்ற விரல்கள் கடைசிவரை தடித்து, வெடித்து, நகமில்லாமல் இருந்தன. அம்மா போய்ச் சில வருஷங்கள் ஆகியிருந்தன. வீட்டில் நைனா, அண்ணன், அண்ணி, நான். நான் பெண்பிள்ளைகள் பள்ளியில் கீழ்வகுப்பு டீச்சர்.

நைனாவுக்கு அதற்கு முன்பே வெகுநாளாகத் தொந்தரவு இருந்திருக்கிறது. கொல்லைப்புறம் போனால் நெடுநேரம் நிற்பார். திரும்பி வந்து உட்கார்ந்த கொஞ்ச நேரத்தில் மறுபடி போவார். கேட்டால், "வயசானா அப்படித்தான்" என்பார். வயசானால் அப்படித்தான் என்று நாங்களும் இருந்துவிட்டோம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கோயிலில் ஆராதனை முடிந்து வந்து உட்கார்ந்தவருக்கு நீர் இறங்கவே இல்லை. அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டு கூடத்தில் குறுக்கும் நெடுக்கும் நடந்தார். விஷயம் தெரிந்ததும் தெருவே வைத்தியம் சொல்லத் தொடங்கியது. சூடுதான், வேறொன்றும் இல்லை என்றார்கள். இளநீர் வந்தது. பார்லிக் கஞ்சி வந்தது. நெருஞ்சி முள்ளை இடித்துக் கஷாயம் வைத்துக் கொண்டுவந்தார்கள். வெள்ளரி விதையை அரைத்து மோரில் கலக்கிக் கொடுத்தார்கள். அன்போடு கொடுத்ததையெல்லாம் அவர் குடித்தார். வெளியேற வழியில்லாத பைக்குள் நாங்கள் மேலும் மேலும் தண்ணீரை ஊற்றிக்கொண்டிருந்தோம் என்பது அன்றைக்கு எங்கள் ஒருவருக்கும் தெரியாது.

பிற்பகலில் அவர் அடிவயிறு குடம்போல் புடைத்துவிட்டது. தொட்டால் கல். வியர்வை கொட்டியது. அப்போதுதான் காதர் பாய் வந்தார்.

காதர் பாய் நைனாவின் தோஸ்த். சுண்ணாம்புக் குழியில் ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தவர்கள் இருவரும். பிறகு அவர் தோல் தரகு பார்க்கப் போனார். தொழில் வேறானாலும் சிநேகம் மாறவில்லை. நான் அவரை மாமு என்றுதான் கூப்பிடுவேன். வந்தவர் நைனாவின் வயிற்றை ஒருதரம் பார்த்தார்.

"இன்னாமா இது, கஷாயம் குடுத்துக்கினு உக்காந்துருக்கீங்க. வேலூருக்குக் கூட்டிக்கினு போகணும். பாக்கியநாதா, ஜட்கா சொல்லு" என்றார் அண்ணனிடம்.

காட்பாடி வரை ரயில். நைனாவால் உட்கார முடியவில்லை. ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றபடியே வந்தார். வண்டி குலுங்கும்போதெல்லாம் அவர் தொண்டையிலிருந்து ஒரு முனகல் வரும். குடியாத்தத்தில் ஏறி எதிரே உட்கார்ந்த ஒரு பெண் தன் குழந்தையை இழுத்து மடியில் வைத்து அதன் காதைப் பொத்திக்கொண்டாள். அது இன்றும் கண்ணில் நிற்கிறது.

ஆஸ்பத்திரியில் டாக்டர் ஒரு தட்டிமறைப்புக்குப் பின்னால் நைனாவைப் படுக்கவைத்தார். நாங்கள் இந்தப் பக்கம் நின்றோம். கொஞ்ச நேரத்தில் எனாமல் பேசினில் நீர் விழும் சத்தம் கேட்டது. வெகுநேரம் விழுந்தது. அதோடு சேர்ந்து நைனா அழும் சத்தமும் கேட்டது. அம்மா இறந்தபோதுகூட நான் அதைக் கேட்டதில்லை.

டாக்டர் சொன்ன இரண்டு வழி

"பெரியவரே, மூத்திரப் பையோட வாய்க்கிட்ட ஒரு கோளம் இருக்குது. வயசான சில பேருக்கு அது வீங்கும். வீங்கி, வழிய அடைச்சிடும்" என்றார் டாக்டர். நிதானமான மனிதர். கையைக் கழுவிக்கொண்டே பேசினார்.

"இதுக்கு மருந்து?" என்று அண்ணன் கேட்டார்.

"குடிக்கிற மருந்து கிடையாது. ரெண்டு வழி இருக்குது. இந்த ரப்பர் குழாய உள்ள விட்டு தினமும் நீர எடுத்துடறது ஒண்ணு. இவருக்கு இனிமே கொஞ்சம் தானா போகும். ஆனா பை முழுசாக் காலியாகாது. மிச்சத்தைக் காலையிலயும் சாயந்திரமும் எடுத்துடணும். ஆயுசு பூரா."

"இன்னொண்ணு?"

"ஆபரேஷன். அடிவயித்தக் கீறணும். ரெண்டு தடவையா செய்யணும். மொதல்ல பையத் திறந்து வயித்து வழியா குழாய் போடுவோம். உடம்பு தேறின அப்புறம் திரும்ப உள்ள போய் கோளத்த எடுப்போம்."

"எல்லாரும் பொழைச்சுக்கறாங்களா சார்?" என்று காதர் பாய் கேட்டார்.

"எல்லாரும்னு சொல்ல மாட்டேன்" என்றார் டாக்டர்.

நைனா படுத்தபடியே கையை ஆட்டினார். "கத்தி வேணாம் சார். குழாயே போதும்."

சித்தப்பாவின் கல்

நைனா ஏன் அப்படிக் கத்திக்குப் பயந்தார் என்று சொல்ல வேண்டும். அது எனக்கே வெகுநாள் கழித்து, அவர் வாயாலேயே தெரிந்தது.

அவருடைய சித்தப்பா ஒருவர் ஆலங்காயம் பக்கம் இருந்தார். மூத்திரப் பையில் கல். சின்ன வயதிலிருந்தே இருந்திருக்கும் போலிருக்கிறது. நாற்பது வயதில் நடக்கவே முடியாமல் போயிற்று. அந்தக் காலத்தில் ஊர் ஊராகப் போய்க் கல் எடுக்கிறவர்கள் இருந்தார்கள். கண்ணில் பூ எடுக்கிறவர்கள், பல் பிடுங்குகிறவர்கள்போல அதுவும் ஒரு தொழில். அப்படி ஒருவன் வந்தான். மயக்க மருந்து கிடையாது. கள் கொடுத்தார்கள். ஆளைப் பிடித்துக்கொள்ள ஆட்கள் வேண்டும். நைனாவுக்கு அப்போது கல்யாண வயது, குழிவேலை செய்து முறுக்கேறிய உடம்பு. "மணி, நீ எடது கால புடிச்சுக்கோ" என்றார்களாம்.

விரலை ஆசனவாயில் விட்டுக் கல்லைக் கீழே தள்ளிப் பிடித்துக்கொண்டு, விதைப்பைக்குப் பின்னால் கீறி எடுத்தானாம். கல் வந்துவிட்டது. புறாமுட்டை அளவு. எல்லோரும் அதைக் கையில் வாங்கி வாங்கிப் பார்த்தார்கள். சித்தப்பா இரண்டு நாள் நன்றாகப் பேசிக்கொண்டிருந்தார். பிறகு காய்ச்சல் வந்தது. அந்த வாரமே அடக்கம்.

"அந்தக் கால் என் கையில இருந்து எப்படி உதறிச்சு தெரியுமா" என்று நைனா சொன்னார். "இன்னிக்கும் ஆட்டுத்தோல விரிச்சு உதறும்போது சிலசமயம் கை கூசும்."

யார் செய்வது

குழாயைத் தானே போட்டுக்கொள்ளத்தான் நைனாவுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். பலபேர் அப்படித்தான் செய்கிறார்களாம். ஆனால் அவருக்குக் கை நடுக்கம் இருந்தது. விரல் நுனிகளோ சுண்ணாம்பில் மரத்துப்போனவை. குழாய் எங்கே வளைகிறது, எங்கே தடுக்கிறது என்று விரலுக்குத் தெரிய வேண்டும். அவருக்குத் தெரியவில்லை. முதல் தடவையே ரத்தம் வந்துவிட்டது.

அண்ணன் முயன்றார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். கையைக் கழுவிக்கொண்டு உள்ளே போனவர், வேட்டியை விலக்கியதும் முகம் வெளுத்து, சுவரைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார். நைனாதான் படுக்கையிலிருந்து, "விடுப்பா, விடு, நீ போ" என்றார்.

சின்னப்பன் என்று பட்டாளத்து ஆஸ்பத்திரியில் முன்பு வேலைபார்த்த, புண்ணுக்குக் கட்டுப்போடும் டிரஸ்ஸர் ஒருவர் இருந்தார். பாலாற்றுக்கு அக்கரையில் வீடு. காலையும் மாலையும் வந்து செய்துவிட்டுப் போக ஒப்புக்கொண்டார். அவருக்குத் தண்ணீர் காய்ச்சிக் கொடுப்பதும், குழாயைக் கொதிக்கவைத்து எடுத்துக் கொடுப்பதும் என் வேலை. கதவுக்கு வெளியே நின்று கொடுப்பேன். குழாயைக் கொதிக்கவிடாமல் உள்ளே விட்டால் நஞ்சு ஏறிக் காய்ச்சல் வரும், வந்தால் ஆள் தேறுவது கஷ்டம் என்று அவர் திரும்பத் திரும்பச் சொல்லியிருந்தார்.

மழைக்காலம் வந்தது. மேற்கே பெய்த மழையில் பாலாறு இரு கரையும் தொட்டு ஓடியது. மணலாகவே கிடக்கும் ஆறு. ஓடும்போது யாரையும் விடாது. சின்னப்பன் அக்கரையில் நின்றுவிட்டார். முதல் நாள் மாலை வரவில்லை. மறுநாள் காலை வரவில்லை. மதியம் பள்ளியிலிருந்து ஓடிவந்து பார்த்தால் நைனா கூடத்தில் குறுக்கும் நெடுக்கும் நடந்துகொண்டிருக்கிறார். அண்ணன் ஆற்றங்கரைக்குப் பரிசல் பார்க்கப் போயிருந்தார். அண்ணி மூலையில் நின்று வாயில் சேலையை வைத்துக்கொண்டிருந்தாள்.

நான் ஒன்றும் யோசிக்கவில்லை. அடுப்பை மூட்டிக் குழாயைப் போட்டேன்.

"நைனா, படுங்க" என்றேன்.

அவருக்குப் புரிந்துவிட்டது. "வேணாம்மா."

"சின்னப்பன் செய்யறத வெளியில நின்னு கேட்டுக்கினேதான இருந்தேன். எனக்குத் தெரியும்."

"நீ பொம்பளப்புள்ள. நான் உன்னப் பெத்தவன்."

"ஆத்துல தண்ணி வடிய எத்தினி நாள் ஆகும்னு தெரியாது நைனா. அதுவரைக்கும் தாங்குமா?"

அவர் மெதுவாகப் போய்ப் படுத்தார். தோளில் கிடந்த துண்டை எடுத்து விரித்து முகத்தின் மேல் போட்டுக்கொண்டார். இரண்டு கையாலும் கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டார்.

எண்ணெய் தடவிய குழாய் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே போயிற்று. ஓரிடத்தில் தடுத்தது. அழுத்தக் கூடாது, அங்கேயே நிறுத்தி அவர் மூச்சை விடுவதற்காகக் காத்திருக்க வேண்டும் என்று சின்னப்பன் சொல்வது நினைவிருந்தது. "மூச்ச விடுங்க நைனா" என்றேன். துண்டு ஒருமுறை மேலெழும்பித் தாழ்ந்தது. தடை விட்டது. பேசினில் நீர் விழத் தொடங்கியது.

அதற்குப் பிறகு நாங்கள் இருவரும் அன்றைக்கு ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொள்ளவில்லை.

ஆறு வடிந்து சின்னப்பன் வந்தார். சில வாரங்கள் செய்தார். பிறகு அவருக்குக் கோலாரில் வேலை கிடைத்துப் போய்விட்டார். வேறு ஆள் தேடினோம். கிடைக்கவில்லை. தேடுவதை எப்போது நிறுத்தினோம் என்று எனக்கு ஞாபகம் இல்லை. காலையில் ஒருதரம், பள்ளி விட்டு வந்து ஒருதரம் என்று அது என் வேலையாகிப்போனது. நைனா மறுபடி மண்டிக்குப் போனார். தோல் பார்த்தார். ஞாயிற்றுக்கிழமை கோயிலில் முன்வரிசையில் உட்கார்ந்தார். வீட்டில் மட்டும் அதிகம் பேச்சில்லை. முன்பெல்லாம் சாப்பிடும்போது என் வகுப்புப் பிள்ளைகளைப் பற்றிக் கேட்பார். அது நின்றுபோயிற்று.

கணியம்பாடிச் சம்பந்தம்

எனக்குக் கணியம்பாடியில் மாப்பிள்ளை நிச்சயமாகியிருந்தது. அவரும் வாத்தியார். நல்ல மனிதர் என்றுதான் இன்றும் நினைக்கிறேன். ஒரே ஒருதரம் பார்த்திருக்கிறேன். கோயிலில் கல்யாண அறிவிப்பு வாசிக்கிற ஓலை கூறுவதற்கு நாள் பார்க்க அவருடைய சித்தி எங்கள் வீட்டுக்கு வந்தாள். சொல்லாமல் வந்துவிட்டாள். மாலை நேரம். நான் பேசினை எடுத்துக்கொண்டு உள்ளறையிலிருந்து வெளியே வருகிறேன், எதிரே அவள்.

"இன்னா அது?" என்றாள்.

அண்ணி ஏதோ சொல்லி மழுப்பப் பார்த்தாள். நான் மழுப்பவில்லை. நைனாவுக்கு உடம்புக்கு இப்படி, நான்தான் எடுக்கிறேன் என்று சொல்லிவிட்டுக் கொல்லைக்குப் போய்க் கொட்டி, பேசினைக் கழுவிக்கொண்டு வந்தேன். அவள் முக்காலியில் உட்கார்ந்திருந்தாள். அண்ணி வைத்த காப்பியைத் தொடவில்லை.

"ஆம்பளப்புள்ள வீட்ல இல்லியா?" என்று கேட்டாள்.

"இருக்காரு."

"இருந்துமா." என் கையைப் பார்த்தாள். "அப்பனா இருந்தாலும் ஆம்பள உடம்பு. கல்யாணமாகாத பொண்ணு. நாளைக்கு நாலு பேர் கேட்டா நான் இன்னா சொல்றது? இந்தக் கைதான எங்க வீட்ல வந்து சோறு போடப்போற கை."

அவள் கத்திச் சொல்லவில்லை. வருத்தத்தோடுதான் சொன்னாள். உள்ளறைக் கதவு ஒருக்களித்துத்தான் இருந்தது. நைனா அதற்குப் பின்னால் விழித்துக்கொண்டுதான் இருந்தார்.

அடுத்த வாரம் கோயில் உபதேசியார் மூலமாகச் சொல்லி அனுப்பினார்கள். இப்போதைக்கு வேண்டாம் என்று. இப்போதைக்கு என்ற சொல்லுக்கு என்ன அர்த்தம் என்று யாருக்கும் சொல்லத் தேவையிருக்கவில்லை. நான் பேசினைக் கழுவி வழக்கமான இடத்தில் கவிழ்த்தேன். நைனாவின் துண்டு அன்றைக்கு நனைந்திருந்தது. வெயில் காலம், வியர்வை என்று நினைத்துக்கொண்டேன். அப்படி நினைத்துக்கொள்வது சுலபமாக இருந்தது.

நெமிலிக்குப் போகிறேன் என்றார்

ஒருநாள் காலை வேலை முடிந்ததும் நைனா எழுந்து வெள்ளைச் சட்டை போட்டார். நெமிலியில் பெரியப்பா மகனுக்கு உடம்பு சரியில்லை, பார்த்துவிட்டு வருகிறேன், காதர் பாயும் கூட வருகிறார், குழாய் போட்டுவிட அங்கே ஒரு கம்பவுண்டர் இருக்கிறார் என்றார். குழாயை டப்பியில் போட்டுக் கொடுத்தேன். வாங்கிப் பையில் வைத்துக்கொண்டார். படி இறங்கியவர் நின்று திரும்பிப் பார்த்தார். "பள்ளிக்கூடத்துக்கு நேரமாவுது, நீ கெளம்பு" என்றார்.

மறுநாள் சாயங்காலம் காதர் பாய் மட்டும் வந்தார். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு வாசலில் நின்றார்.

"உள்ள வாங்க மாமு. நைனா எங்க?"

"உங்க நைனா நெமிலிக்குப் போகலமா. வேலூர்ல படுத்திருக்காரு. வயித்துல கீறி குழாய் போட்டாச்சு. நல்லாத்தான் இருக்காரு."

அண்ணன் கோபத்தில் எழுந்துவிட்டார். "எங்க யாருக்கும் சொல்லாம? நீங்களாவது சொல்லக் கூடாதா பாய்?"

"சத்தியம் வாங்கிக்கினாருப்பா. நான் இன்னா பண்ண? ரயில்ல போறப்ப கேட்டேன், ஏம்பா மணி, இத்தினி வருஷம் கத்தின்னா ஓடின ஆளு நீ, இப்ப இன்னா அவசரம்னு. எனக்கு நாளு கம்மியானாலும் பரவால்ல பாய், எம்பொண்ணு கைய விட்டுடணும்னாரு. அதுக்கு மேல நான் பேசல."

வார்டில்

ஆண்கள் வார்டில் பார்வையாளர் நேரம் குறைவு. சனிக்கிழமைதோறும் போனேன். ஃபினாயில் வாசனை, ஈரச் சிமெண்ட் தரை, வரிசையாக இரும்புக் கட்டில்கள். நைனாவின் அடிவயிற்றில் கட்டு. அதிலிருந்து ஒரு குழாய் இறங்கிக் கட்டிலுக்குக் கீழே கண்ணாடிப் புட்டிக்குள் போயிற்று. புட்டியில் நீர் சொட்டிக்கொண்டே இருக்கும். ஆச்சரியமாக, அவர் தேறிக்கொண்டு வந்தார். கன்னம் கொஞ்சம் பூசியது. நாக்கு வறட்சி போயிற்று. பக்கத்துக் கட்டில்காரரோடு சிரித்துப் பேசினார். பல மாதங்களுக்குப் பிறகு என் வகுப்புப் பிள்ளைகளைப் பற்றிக் கேட்டார்.

ஒரு சனிக்கிழமை நான் சொல்லிவிட்டேன்.

"எனக்காக நீங்க இத செஞ்சிருக்க வேணாம் நைனா. கணியம்பாடி இல்லன்னா போகட்டும். எனக்கு அதுல ஒண்ணும் இல்ல."

அவர் கீழே புட்டியைப் பார்த்தார்.

"உனக்காகன்னுதான் பாய்கிட்ட சொன்னேன்" என்றார். "முழுசும் அது இல்லம்மா. அந்தத் துண்டுக்குள்ள நான் எப்படிக் கிடந்தேன்னு உனக்குத் தெரியாது. நீ பொறந்தப்ப உன்னக் கழுவிவிட்டவன் நான். உங்கம்மாவுக்கு அப்ப ஜன்னி. அதெல்லாம் எனக்குக் கஷ்டமா இல்ல. இது முடியல. மனுசன் ஒரு எடத்துலயாவது தனியா இருக்கணும்."

நல்லது செய்கிறோம் என்று நான் கை கழுவிய ஒவ்வொரு காலையிலும் அவர் துண்டுக்குள் அப்படிக் கிடந்திருக்கிறார்.

"கோவமா நைனா எம்மேல?"

"உம்மேல இன்னா கோவம். நீ இல்லன்னா அந்த மழையிலயே போயிருப்பேன்." என் கையை எடுத்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டார். மரத்த விரல்கள். "அதான். அதுக்கு மேல இன்னா சொல்றது."

இரண்டாவது ஆபரேஷனுக்கு முதல் நாள் அண்ணனும் நானும் போனோம். முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரக்கச் செய்வார்கள் என்று சொல்லியிருந்தார்கள். "அப்ப எனக்குக் கால் இருக்கிறதே தெரியாதாம். யாரும் புடிக்க வேணாமாம்" என்றார் நைனா. அதில் அவருக்கு ஒரு நிம்மதி இருந்தது. அண்ணனைப் பார்த்து, "மண்டியில கீழ்த்தட்டுல இருக்கிற ஆட்டுத்தோல மழைக்கு முன்னாடி பொரட்டிப் போடச் சொல்லு" என்றார்.

கோளத்தை எடுத்துவிட்டார்கள். ரத்தம் நிற்கவில்லை. உள்ளே துணி திணித்தார்கள். மாற்றித் திணித்தார்கள். கண்ணாடிப் புட்டி சிவப்பாகவே நிறைந்தது. மறுநாள் பிற்பகலில் அவர் கண்ணைத் திறந்து தண்ணீர் கேட்டார். அண்ணன் பஞ்சில் நனைத்து உதட்டில் வைத்தார். அதைச் சப்பிக்கொண்டே இருந்தவர், சப்புவதை நிறுத்தியதைத்தான் நாங்கள் பார்த்தோம்.

டாக்டரிடம் நான் கேட்டேன். "குழாயிலயே இருந்திருந்தா இன்னும் இருந்திருப்பாரா சார்?"

அவர் ஆறுதலாக எதையாவது சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அதற்காக அவரை மதிக்கிறேன். "சில பேர் வருஷக்கணக்கா இருக்காங்கம்மா. சில பேர் காய்ச்சல் வந்து சீக்கிரமே போய்டறாங்க. உங்கப்பா இதுல எந்தப் பக்கம்னு எனக்குத் தெரியாது."

அடக்கத்துக்குப் பிறகு

ஆம்பூருக்குக் கொண்டுவந்து அடக்கம் செய்தோம். காதர் பாய் கல்லறைத் தோட்டத்தின் வாசலில், வேப்பமரத்தடியில் கடைசிவரை நின்றார். உள்ளே வாருங்கள் என்று கூப்பிட்டோம். தலையை ஆட்டினாரே தவிர கால் நகரவில்லை. மண் தள்ளி முடிந்து எல்லோரும் கலைந்த பிறகு தனியாகப் போய் நின்றுவிட்டு வந்தார்.

துக்கம் முடிந்ததும் கணியம்பாடியிலிருந்து மறுபடி உபதேசியார் வந்தார். இப்போது தடை ஒன்றும் இல்லையே, பேசி முடித்துவிடலாம் என்று அவர்கள் சொல்லி அனுப்பியிருந்தார்கள். மாப்பிள்ளையே பிடிவாதமாக இருந்தாராம். அண்ணன் என் முகத்தைப் பார்த்தார். "வேணாம்னு சொல்லிடுங்க ஐயா" என்றேன். கோபத்தில் சொன்னதாக அவர்கள் நினைத்திருக்கலாம். கோபம் இல்லை. தடை என்று அவர்கள் சொன்னது என் நைனாவை. அந்த வீட்டில் போய் அதை மறந்தவள்போல நடமாட என்னால் ஆகாது என்று தோன்றியது. அவ்வளவுதான்.

அன்று மாலை அண்ணனும் நானும் கூடத்தில் உட்கார்ந்திருந்தோம். வெளியே டேனரி வண்டிகள் ஆவாரம்பட்டை ஏற்றிக்கொண்டு போயின. அண்ணன் திடீரென்று கேட்டார்.

"ஞானம், அது உள்ள போறப்ப நைனாவுக்கு வலிச்சுதா?"

அத்தனை மாதங்களில் அவர் அதைப் பற்றி என்னிடம் கேட்டது அதுதான் முதல் தடவை.

"மொதல்ல வலிச்சுது. அப்புறம் பழகிடுச்சு."

"எதுனா சொல்வாரா?"

"ஒண்ணும் சொல்ல மாட்டாரு. முடியறப்ப, ஆச்சாம்மானு கேப்பாரு. ஆச்சு நைனான்னுவேன்."

அண்ணன் தலையைக் குனிந்துகொண்டார். "நான் தெனமும் அந்த மண்டி மதில்கிட்ட போய் நிப்பேன்" என்றார். "நம்ம கொல்லை அங்கிருந்து தெரியும். நீ பேசினை எடுத்துக்கினு வந்து கொட்டுவ. அத பாத்தப்புறம்தான் எனக்கு மூச்சு வரும். அதுவரைக்கும் எங்கியும் போக மாட்டேன்."

அண்ணி உள்ளேயிருந்து சாப்பிடக் கூப்பிட்டாள். இரண்டாம் முறை கூப்பிட்ட பிறகு எழுந்து போனோம்.